மயக்கம் தெளிந்த ஈ பழைய ஈதானா?

போன மாசி மாதம் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் தேன் வாங்கப் போயிருந்தேன். ரப்பர் தோட்டத்துக்குள் தேனீப் பெட்டி வைத்திருக்கும் ஒரு பெரியவர் அன்று பெட்டியைத் திறக்காமல், அதன் வாசலையே பார்த்தபடி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். என்ன விஷயம் என்று கேட்டேன். கல்லூரியில் படிக்கும் ஒரு பையன் ஆய்வுக்கென்று வந்தானாம். ஒரு பெட்டியிலிருந்து முப்பது நாற்பது ஈக்களைப் பிடித்திருக்கிறான். சோடா உப்பில் வினாகிரி ஊற்றி, பொங்கி வந்த கரியமில வாயுவைக் குழாய் வழியாக டப்பாவுக்குள் விட்டிருக்கிறான். ஈக்கள் சுருண்டு விழுந்ததும் ஒவ்வொன்றின் முதுகிலும் மஞ்சள் நெயில் பாலிஷால் புள்ளி வைத்து, தெளிந்த பிறகு திரும்ப விட்டுவிட்டுப் போய்விட்டான்.

"ஈய மயக்கிப் போட்டு எடுத்தா, தெளிஞ்ச பொறவு அது பழையபடி வேலைக்குப் போவுமா மக்ளே?"

"போகும் தாத்தா" என்று வாய் வரை வந்துவிட்டது. விலங்கியல் படித்தவள் என்பதால் அதோடு நிறுத்த மனம் வரவில்லை. வேலைக்குப் போகும், ஆனால் பழையபடி இல்லை. இது 1950லேயே அச்சில் வந்துவிட்ட செய்தி. இன்னும் பல ஆய்வகங்களில் மயக்கத்தை ஒரு சின்ன இடைவேளை மாதிரிதான் நினைக்கிறார்கள். பூச்சி விழுந்தது, எண்ணினோம், எழுந்தது, வேலை முடிந்தது என்று. பூச்சியின் உடம்பு அப்படி நினைப்பதில்லை.

ஏன் மயக்குகிறோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூச்சி நிற்காது, அவ்வளவுதான். மட்டி வாழைப்பழம் கனிந்தால் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, அந்தப் பழ ஈ 3 மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. அது ஆணா பெண்ணா, கண் சிவப்பா வெள்ளையா, இறக்கை நேரா சுருளா என்று நுண்நோக்கியில் பார்த்துப் பிரிக்க வேண்டுமென்றால் சில நிமிடமாவது அசையாமல் கிடக்க வேண்டும். அதற்கு மூன்று வழிகள் வழக்கத்தில் உண்டு: ஈதர் போன்ற ஆவியாகும் மருந்துகள், கரியமில வாயு, குளிர். நைட்ரஜன் வாயுவால் மூச்சடைக்க வைப்பதும் உண்டு. இன்றைய பழ ஈ ஆய்வகங்களில் பெரும்பாலும் கரியமில வாயுதான். நுண்துளைப் பலகை ஒன்றின் அடியிலிருந்து வாயு மேலே வரும், மேலே கொட்டிய ஈக்கள் சில நொடியில் சாயும். பலகையிலிருந்து எடுத்துவிட்டால் சில நிமிடத்தில் எழுந்து நடக்கும். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருப்பதால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை.

தேனீ வளர்ப்பவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள்: நாங்கள் போடும் புகையும் மயக்கம்தானே? இல்லை. தேங்காய்க் கதம்பையைக் கனியவிட்டு ஊதும் புகையில் ஈ மயங்கி விழுவதில்லை. காவல் ஈக்கள் கொட்டும்போது வெளியாகும் அபாய வாசனை மற்ற ஈக்களுக்கு எட்டாதபடி புகை மறைத்துவிடுகிறது. கூடவே, கூட்டுக்கு ஏதோ ஆபத்து என்று ஈக்கள் தேனைக் குடித்து வயிறு நிரப்பிக்கொள்வதால் சாதுவாகிவிடுகின்றன. அந்த அபாய வாசனையின் முக்கியப் பொருளான ஐசோபென்டைல் அசிட்டேட் வாழைப்பழ வாசனை அடிக்கும். பெட்டியைத் திறக்குமுன் பழம் தின்னாதே என்று சொல்வது இதனால்தான். வாழை இவ்வளவு விளையும் மாவட்டத்தில் இது கொஞ்சம் கஷ்டமான கட்டளை.

சரி, கரியமில வாயுவுக்கு வருவோம்.

நமக்கு நுரையீரல் மாதிரி பூச்சிக்கு எதுவும் கிடையாது. உடம்பின் இரு பக்கமும் வரிசையாகச் சுவாசத் துளைகள், அவற்றிலிருந்து உடலெங்கும் கிளைவிட்டுப் போகும் மூச்சுக் குழல்கள். அந்தத் துளைகளுக்குத் திறந்து மூடும் வசதி உண்டு. ஏனென்றால் எப்போதும் திறந்து வைத்தால் உடம்பின் ஈரம் ஆவியாகிப் போய்விடும். துளைகளைத் திறக்கச் சொல்லும் சைகை எது தெரியுமா? உடம்புக்குள் சேரும் கரியமில வாயுவேதான். ஆகவே ஒரு பூச்சியை அந்த வாயுவில் முக்கினால் எல்லா வாசலும் ஒரே நேரத்தில் விரியத் திறந்துவிடும். சிலிண்டரிலிருந்து வரும் வாயுவோ ஈரமே இல்லாத வறண்ட வாயு. அந்தச் சில நிமிடங்களில் பூச்சி மயங்கிக் கிடப்பதோடு உலர்ந்துகொண்டும் இருக்கிறது. நல்ல ஆய்வகங்களில் வாயுவை ஒரு தண்ணீர்ப் புட்டி வழியாகக் குமிழிடவிட்டு ஈரப்படுத்தி அனுப்புவார்கள். அந்தப் புட்டியை அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

வாயு எப்படி மயக்குகிறது என்பதில் ஒரு பழைய ஊகம் இருந்தது. கரியமில வாயு உடல் திரவத்தில் கரைந்து அமிலமாகும், அந்த அமிலம்தான் நரம்பை முடக்குகிறது என்று. 2005ல் பழ ஈயின் புழுக்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு வேறு விடை சொன்னது. அமிலத்தன்மையை மட்டும் கூட்டினால் அதே விளைவு வரவில்லை. பூச்சிகளில் நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்பும் இடத்தில் தூது போகும் வேதிப்பொருள் குளூட்டமேட். நம் கை கால் தசைகளில் அந்த வேலையை அசிட்டைல்கோலின் செய்கிறது. கரியமில வாயு சூழ்ந்ததும் தசை அந்தக் குளூட்டமேட்டைக் கண்டுகொள்ளாமல் போகிறது. கட்டளை வந்துகொண்டிருக்கும், தசைக்குக் கேட்காது. அதே ஆய்வில் புழுவின் இதயத் துடிப்பும் நின்றுபோனது.

இதை யோசித்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. முதல் அடி நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில்தான் என்றால், பலகையில் கிடக்கும் ஈ தூங்குகிறதா, அல்லது கை கால் கட்டிப்போட்ட மாதிரி கிடக்கிறதா? அசையவில்லை என்பதற்கும் உணரவில்லை என்பதற்கும் நடுவே பெரிய தூரம் உண்டு. பூச்சிக்கு வலி உண்டா என்ற விவாதத்துக்குள் இங்கே போகவில்லை. ஆனால் "மயக்க மருந்து" என்ற சொல்லை நாம் ஆஸ்பத்திரியிலிருந்து இரவல் வாங்கியிருக்கிறோம் என்பதை மறக்கக்கூடாது. ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லுக்குள் நினைவிழப்பும் வலியின்மையும் அடக்கம். ஆய்வகத்தில் பல நேரம் அது "ஆடாமல் கிட" என்பதற்கு மேல் எதுவும் இல்லை.

எழுந்த பிறகு? ஈ நடக்கிறது, இறக்கையைத் தடவிக்கொள்கிறது, தெளிந்துவிட்டது என்று நினைக்கிறோம். 2015ல் வெளியான ஓர் ஆய்வில், கரியமில வாயுவில் மயங்கித் தெளிந்த பழ ஈக்களைக் குழாயில் ஏறவிட்டும் பறக்கவிட்டும் பார்த்தார்கள். ஏறுவதும் பறப்பதும் குறைந்திருந்தது, அந்தக் குறை ஒரு நாள் வரை நீடித்தது. மயங்கித் தெளிந்த உடனே ஜோடி சேரவிட்டால் வழக்கத்தைவிடத் தாமதமாகிறது என்பதும் பதிவான விஷயம். கூட்டுப்புழுவிலிருந்து அப்போதுதான் வெளிவந்த இளம் ஈக்களுக்குப் பாதிப்பு கூடுதல். ஆனால் ஜோடி சேராத கன்னி ஈ வேண்டுமென்பதற்காக ஆய்வகங்களில் அதிகம் மயக்கப்படுவது அந்த வயது ஈக்கள்தான்! இன்னொரு பக்கம் கரப்பான்: ஜெர்மன் கரப்பான் குஞ்சுகளைத் திரும்பத் திரும்பக் கரியமில வாயுவில் மயக்கினால் அவற்றின் வளர்ச்சி மந்தமாகிவிடுகிறது என்று 1957லேயே எழுதியிருக்கிறார்கள்.

இப்போது பெரியவர் கேட்டதற்கு நேரான பதில். இங்கிலாந்தில் ரிப்பண்ட்ஸ் என்ற ஆய்வாளர் தேனீக்களைக் கரியமில வாயுவாலும் நைட்ரஜனாலும் மயக்கித் தெளியவைத்து, கூட்டுக்குள் விட்டு, அவை என்ன செய்கின்றன என்று கவனித்தார். அந்தக் கட்டுரைதான் 1950ல் வந்தது. ஈக்கள் தங்கள் நினைவை இழக்கவில்லை. கூடு எங்கே, தீனி எங்கே என்பதெல்லாம் தெரிந்தேதான் இருந்தது. மாறியது வேலைப் பங்கீடு. வேலைக்கார ஈ பிறந்த முதல் சில வாரங்கள் கூட்டுக்குள் இருந்து அறை துடைப்பது, புழுவுக்கு ஊட்டுவது, மெழுகு கட்டுவது என்று வீட்டு வேலை செய்யும். அதற்கப்புறம்தான் வெளியே போகும். மயங்கித் தெளிந்த இளம் ஈக்கள் இந்த வீட்டு வேலைக் காலத்தைப் பாதியில் விட்டுவிட்டு, காலத்துக்கு முன்பே வெளிவேலைக்குக் கிளம்பிவிட்டன. ஏற்கெனவே வெளியே போய்க்கொண்டிருந்தவை மகரந்தம் சேகரிப்பதைக் குறைத்தன, அல்லது நிறுத்திவிட்டன. தேன் மட்டும் கொண்டு வந்தன.

மற்ற ஊரில் இதைச் சொன்னால் ஒரு தகவல். ரப்பர் காட்டில் சொன்னால் எடை கூடும். நம் மாவட்டத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பர் தேன். அது பூவிலிருந்து வருவதல்ல. இலையுதிர்ந்து புதுத் தளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேருமிடத்தில் உள்ள சுரப்பிகள் மதுவைக் கசியவிடும். மது ஏராளம், ஆனால் அங்கே மகரந்தம் கிடையாது. புழு வளர்க்கப் புரதம் வேண்டும், அது மகரந்தத்திலிருந்துதான் கிடைக்கும். ஆகவே அந்தப் பருவத்தில் தென்னம்பாளையையும் சுற்றுவட்டாரத்துப் பூக்களையும் தேடிப் போய் மகரந்தம் கொண்டு வரும் ஈக்கள்தான் கூட்டின் அடுத்த தலைமுறையைக் காக்கின்றன. ஒரு பெட்டியில் இருக்கும் ஆயிரக்கணக்கான ஈக்களில் முப்பது நாற்பது மகரந்தத்தை மறந்தால் கூடு ஒன்றும் விழுந்துவிடாது. அதைப் பெரியவருக்கும் சொன்னேன். கவலை எனக்குப் பெட்டியைப் பற்றியில்லை, பையனின் நோட்டுப் புத்தகத்தைப் பற்றி. அவன் ஆராய்ந்தது பூச்சிமருந்து பட்ட ஈ எவ்வளவு மகரந்தம் கொண்டு வருகிறது என்பதையாம்.

ராணி ஈயிடம் இதே வாயு காட்டும் விளைவு இன்னும் விநோதம். செயற்கை முறையில் ராணியைக் கருவூட்டும்போது அசையாமலிருக்கக் கரியமில வாயு கொடுப்பார்கள். அமெரிக்காவில் ஓட்டோ மெக்கன்சன் 1947ல் கவனித்தது என்னவென்றால், வாயு கொடுக்கப்பட்ட ராணிகள் சீக்கிரமே முட்டையிடத் தொடங்குகின்றன. கருவூட்டவே செய்யாத கன்னி ராணிகளும் வாயு பட்டதும் முட்டையிடுகின்றன. அந்த முட்டைகளில் ஆண் ஈ மட்டுமே வரும் என்பது வேறு கதை. ஆனால் ராணி இல்லாத கூட்டில் வேலைக்கார ஈக்கள் தாங்களே முட்டையிட முயலும்போது அவற்றுக்கு அதே வாயுவைக் கொடுத்தால் சினைப்பை வளர்ச்சி அடங்கிப்போகிறது. ஒரே வாயு, ஒரே இனம், ஒரே பெட்டி. ராணிக்கு ஒரு விளைவு, வேலைக்காரிக்கு நேரெதிர் விளைவு. குளிர்நாட்டு வண்டுத்தேனீயின் ராணி குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் உறங்கிக் கழித்த பிறகுதான் கூடு கட்டும். கரியமில வாயு கொடுத்தால் அந்த உறக்கத்தையே தாண்டி நேராகக் கூடு கட்ட வந்துவிடுகிறது. ஜெர்மானியரான ரோசலர் 1985ல் இந்த உத்தியை எழுதி, ஆண்டு முழுவதும் வண்டுத்தேனீ வளர்க்க வழிகாட்டினார். பக்கவிளைவு என்று ஒதுக்க வேண்டியது, பண்ணைக்காரனுக்குக் கைப்பிடியாகிவிட்டது.

பக்கவிளைவே கண்டுபிடிப்பானதற்கு ஈதர்தான் பெரிய உதாரணம். நாகர்கோவிலில் நான் படித்த காலத்தில் செய்முறை வகுப்பில் ஈதர்தான். பஞ்சில் சில சொட்டு விட்டு, சீசாவுக்குள் வைத்து, ஈக்களைத் தட்டிக் கொட்டுவோம். எனக்கு அவசரம், சொட்டு கூடிவிட்டது. ஈக்கள் விழுந்தன, சிறிது நேரத்தில் இறக்கைகள் முதுகுக்கு மேல் செங்குத்தாக நிமிர்ந்தன. இறக்கை நிமிர்ந்தால் கதை முடிந்தது என்று அர்த்தம். மூன்று வாரம் வாழைப்பழக் கூழ் காய்ச்சி வளர்த்த இரண்டாம் தலைமுறை ஒரே பஞ்சில் போய்விட்டது. மூன்றுக்கு ஒன்று என்ற மெண்டல் விகிதத்தைச் செத்த ஈக்களை எண்ணித்தான் எழுதினேன். எண்ணுவதற்கு உயிர் தேவையில்லை என்பதால் மதிப்பெண் குறையவில்லை.

ஈதர் எல்லா ஈயையும் ஒரே மாதிரி வீழ்த்துவதில்லை. சில வகை ஈக்கள் மயங்கிக் கிடந்தபடியே கால்களை உதறும். 1969ல் அமெரிக்காவில் கேப்ளன், டிரவுட் என்ற இருவர் இப்படி உதறும் ஈ வகைகளைத் தனியே பிரித்தெடுத்து ஆராய்ந்தார்கள். ஒன்றின் பெயர் ஷேக்கர். இன்னொன்று அந்தக் காலத்து இரவு விடுதி நடனத்தை நினைவூட்டியதால் அதற்கு ஈதர்-அ-கோ-கோ என்று பெயர் வைத்தார்கள். விளையாட்டுப் பெயர்தான். ஆனால் ஷேக்கர் மரபணுவைப் பிரித்தெடுத்த 1987ல், நரம்புச் செல்லிலிருந்து பொட்டாசியத்தை வெளியேற்றும் வாய்க்கால் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது முதன்முறையாகத் தெரிந்தது. ஈதர்-அ-கோ-கோவின் உறவுக்கார மரபணு ஒன்று மனித இதயத்திலும் இருப்பது 1990களில் வெளிப்பட்டது. எர்க் என்று சுருக்கிச் சொல்வார்கள். அது உண்டாக்கும் வாய்க்காலை அடைக்கும் மருந்துகள் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி உயிரைக்கூடப் பறிக்கக்கூடும். ஒவ்வாமைக்குத் தாராளமாக விற்ற டெர்ஃபெனடின் மாத்திரை அந்தப் பத்தாண்டில் அமெரிக்கச் சந்தையிலிருந்து போனது இதனால்தான். புதிய மருந்து எதுவானாலும் இந்த வாய்க்காலை அடைக்கிறதா என்று சோதிப்பது இன்று வழக்கமாகிவிட்டது. மயங்கிய ஈ காலை உதறியதை "ஈதரின் தொந்தரவு" என்று யாராவது துடைத்துப் போட்டிருந்தால் இவ்வளவும் எப்போது தெரியவந்திருக்கும்?

இந்தியப் பெயரும் ஒன்று இந்த வரிசையில் உண்டு. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. எஸ். கிருஷ்ணன், அமெரிக்கரான ஹோவர்ட் நாஷோடு சேர்ந்து, ஆலோத்தேன் என்ற மயக்க மருந்துக்கு வித்தியாசமாக அசைந்துகொடுக்கும் பழ ஈ வகைகளை 1990ல் வெளியிட்டார். மனிதர்களுக்கு அறுவை சிகிச்சையில் கொடுக்கும் மருந்து உடம்பில் எங்கே பிடிக்கிறது என்பதை ஈயின் மரபணு வழியே தேடும் வேலை அது.

ஈதரின் இன்னொரு முகத்தையும் சொல்ல வேண்டும். முட்டையிட்டு மூன்று மணி நேரம் ஆன கருவுக்கு ஈதர் ஆவி பட்டால், பிறக்கும் ஈக்களில் சிலவற்றுக்கு, பின்னால் சமநிலைக்காக இருக்கும் சின்னக் குமிழ்கள் இறக்கை மாதிரி வளர்ந்துவிடும். நான்கு இறக்கை ஈ! பரம்பரை மாற்றம் எதுவுமில்லை, ஆவி பட்டதன் விளைவு மட்டுமே. வாடிங்டன் என்ற பிரிட்டிஷ் அறிஞர் இப்படிப் பிறந்தவற்றையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார். கடைசியில் ஈதர் படாமலே அந்த உருவம் வரும் வம்சம் கிடைத்துவிட்டதாக 1956ல் எழுதினார். ஒரே சீசாவில் வளர்ந்த ஈயும் முட்டையும் இருக்கும்போது ஈதர் திறக்கலாமா என்ற கேள்விக்கு இதைவிட வேறு பதில் வேண்டாம்.

குளிர்தான் பாதுகாப்பு என்று பலர் சொல்வார்கள். மருந்து இல்லை, வாயு இல்லை, ஐஸ் மேல் ஒரு தட்டு, அவ்வளவுதான். கொசு ஆய்வில் இதுவே வழக்கம். குளிரில் பூச்சி விறைத்துப்போவது தூக்கமல்ல. செல்களுக்கு உள்ளேயும் வெளியேயும் உப்புகளைப் பிரித்து வைக்கும் எந்திரங்கள் குளிரில் மெதுவாகிவிடுகின்றன. சோடியமும் அதைத் தொடர்ந்து தண்ணீரும் உடல் திரவத்திலிருந்து குடலுக்குள் இறங்கும், உடல் திரவத்தில் பொட்டாசியம் ஏறும். தசைகளின் மின் சமநிலை குலையும். கொஞ்ச நேரமென்றால் வெளியே எடுத்ததும் சரியாகிவிடும். நீண்டால் அதுவே காயம். இங்கேதான் ஊர் முக்கியம். வெப்பநாட்டுப் பழ ஈ இனங்கள் குளிர்நாட்டு இனங்களைவிட அதிக வெப்பநிலையிலேயே விறைத்துவிடுகின்றன, தெளியவும் சிரமப்படுகின்றன. ஐரோப்பாவில் எழுதிய செய்முறைக் குறிப்பில் "ஐஸில் இத்தனை நிமிடம்" என்று இருப்பதை நம் ஊர்ப் பூச்சிக்கு அப்படியே பின்பற்றுவது சரியாகாது. நாகர்கோவிலில் ராத்திரிகூட இருபது டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். உறைபனி என்பதையே பார்க்காத பரம்பரை அது. குளச்சலில் மீன்பெட்டிக்குப் போடும் ஐஸை வாங்கி வந்து பூச்சி பிடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

சில பூச்சிகளை ஒன்றிரண்டு மணி நேரம் மிதமான குளிரில் வைத்தால், பிறகு வரும் கடுங்குளிரைத் தாங்கும் திறன் மளமளவென்று கூடிவிடும் என்று 1987ல் கண்டார்கள். அதாவது "ஆடாமலிருக்க" என்று நாம் கொடுத்த குளிரே பூச்சியை வேறு உடம்பாக மாற்றிவிடும். அதே மாதிரி, குளிர் ஆய்வுக்கு முன் ஈக்களைப் பிரிக்கக் கரியமில வாயு கொடுத்திருந்தால், விறைப்பிலிருந்து அவை எழும் நேரமும் மாறுவதை 2006ல் காட்டினார்கள்.

நினைவாற்றல் ஆய்வில் குளிர் ஒரு கத்தி மாதிரி பயன்பட்டது. ஒரு வாசனையை மின்னதிர்வோடு சேர்த்துப் பழ ஈக்குக் கற்றுக்கொடுத்து, உடனே குளிரில் விறைக்க வைத்தால் பாடம் அழிந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து விறைக்க வைத்தால் பாடத்தில் ஒரு பங்கு தப்பிவிடுகிறது. க்வின், டூடாய் இருவரும் 1976ல் இதை வைத்து, ஈயின் நினைவு பல கட்டங்களாக உறுதிப்படுகிறது என்றார்கள். மயக்கத்துக்கு அசையாத நினைவு என்ற பெயரே அப்படித்தான் புழக்கத்துக்கு வந்தது. தேனீயிலும் இதே கதை, பாடம் கற்ற முதல் சில நிமிடங்கள்தான் ஆபத்தான நேரம். ரிப்பண்ட்ஸின் ஈக்கள் வீட்டு விலாசத்தை மறக்காததற்கும் இதற்கும் முரண் இல்லை. அது எப்போதோ உறுதிப்பட்ட பாடம்.

மனிதர்களுக்குக் கொடுக்கும் மயக்க மருந்தான ஐசோஃப்ளூரேன் தேனீக்கு எப்படி? நியூசிலாந்தில் 2012ல் வெளியான ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பகலில் ஆறு மணி நேரம் ஈக்களை மயக்கத்தில் வைத்து, தெளிந்ததும் பறக்கவிட்டார்கள். தேனீ சூரியனைத் திசைகாட்டியாக வைத்துப் பறக்கும். சூரியன் நகர்வதால், இப்போது மணி என்ன என்பது தெரிந்தால்தான் திசை சரியாக வரும். மயங்கித் தெளிந்த ஈக்கள் தப்பான திசையில் பறந்தன. எவ்வளவு தப்பு என்பதிலிருந்து, உள்ளே ஓடும் கடிகாரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் பின்தங்கிவிட்டது என்று கணக்கிட முடிந்தது. ராத்திரியில் அதே மயக்கம் கொடுத்தபோது இந்தக் குழப்பம் இல்லை. ஆபரேஷன் முடிந்து கண் விழித்து "இப்பதானே உள்ளே கொண்டு போனாங்க" என்று கேட்பவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இவை எல்லாம் மயக்கம் உண்டாக்கிய மாற்றங்கள். உள்ளே ஏற்கெனவே ஒளிந்திருந்த ஒன்றை மயக்கம் காட்டிக்கொடுத்த கதையும் உண்டு. பிரான்சில் லெரித்தியே, தெஸ்ஸியே இருவரும் பழ ஈக்களைக் கரியமில வாயுவில் மயக்கி எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒரு வம்சத்து ஈக்கள் மட்டும் எழவே இல்லை. மற்றவை எழுந்து நடக்கும் அதே அளவு வாயுவில் இவை முடங்கிச் செத்தன. 1937ல் இதைப் பரம்பரைக் கோளாறு என்று எழுதினார்கள். பின்னால் தெரிந்தது, அது ஒரு வைரஸ். தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் முட்டைக்குள் இறங்கும் சிக்மா வைரஸ். வெறிநாய்க்கடி வைரஸுக்குத் தூரத்து உறவு. வாயு படாதவரை அந்த ஈக்களைப் பார்த்தால் ஒரு நோயும் தெரியாது.

இந்தக் கதையைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. வைரஸ் என்ற சொல்லுக்கு இங்கே தனி எடை உண்டு. 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராம மேம்பாட்டு மையம் மார்த்தாண்டத்தில் பெட்டித் தேனீயைப் பரப்பியதிலிருந்து தழைத்த தொழில், 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் வந்து புழுக்களைப் பை மாதிரி ஊதவைத்துக் கொன்றபோது படுத்துவிட்டது. அப்போது காலிப் பெட்டிகளை விறகுக்குக் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். "அப்ப, கெட்டியா இருக்குன்னு தெரியதுக்கும் நல்லா இருக்குங்கதுக்கும் வித்யாசம் உண்டும்" என்றார். ஈயைப் பற்றிச் சொன்னாரா என்னைப் பற்றிச் சொன்னாரா தெரியவில்லை.

அப்புறம் பையனின் விஷயம். ஆய்வு செய்கிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: "மருந்து பட்ட ஈக்கும் படாத ஈக்கும் ஒரே மாதிரிதானே வாயு கொடுத்தோம், கழித்துப் பார்த்தால் வாயுவின் விளைவு போய்விடும்." கழித்தல் கணக்கு மாதிரி உடம்பு நடக்குமென்றால் சரிதான். வாயுவால் மகரந்தத்தையே மறந்துவிட்ட ஈக்களிடம் பூச்சிமருந்து மகரந்த வேலையைக் குறைக்கிறதா என்று கேட்டால், இரண்டு கூட்டமும் பூஜ்ஜியத்துக்கு அருகில் நிற்கும். வித்தியாசம் இல்லை, மருந்து சாது என்று முடிவு எழுதிவிடலாம். அல்லது வாயுவால் தளர்ந்த நரம்பு மருந்தைத் தாங்காமல் விழுந்தால், மருந்து உள்ளதைவிடக் கொடியது என்று முடிவாகும். இரண்டிலும் அவன் அளந்தது வாயு பட்ட தேனீயை. தோட்டத்தில் பறக்கும் தேனீயை அல்ல.

செய்ய முடிந்தவை எளியவைதான். மயக்காமலே முடியுமென்றால் மயக்காமலிருப்பது முதல் வழி. பழ ஈயை வலைத்துணி கட்டிய குழாயால் வாயில் உறிஞ்சி எடுப்பது பழகினால் வேகமாக வரும். தேனீக்குப் புள்ளி வைக்க, வலை பொருத்திய சின்னக் கூண்டில் அழுத்திப் பிடித்தாலே போதும், தேனீ வளர்ப்பவர்கள் ராணிக்கு அப்படித்தான் வைக்கிறார்கள். மயக்கியே தீர வேண்டுமென்றால் நேரத்தைக் குறைத்து, வாயுவை ஈரப்படுத்தி, நடத்தை ஆய்வென்றால் குறைந்தது ஒரு நாளாவது ஓய்வு கொடுத்துத் தொடங்கலாம். தேனீக்கு அந்த ஒரு நாள் பயன்படாது. ரிப்பண்ட்ஸ் கண்ட மாற்றம் நிரந்தரமானது. எந்த வாயு, எத்தனை நிமிடம், என்ன வயது, பகலா இரவா என்பதை எழுதி வைப்பது மட்டும் எல்லாருக்கும் கட்டாயம். ஆய்வுக் கட்டுரைகளில் "பூச்சிகள் மயக்கப்பட்டன" என்று இரண்டே சொல்லில் முடித்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

அன்று மாலை வரை பெரியவரோடு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் புள்ளி ஈ ஒன்று வந்து இறங்கியது. பின்னங்காலில் மகரந்தம் இல்லை. "பொடி இல்லியே மக்ளே" என்றார். அடுத்து வந்த நாலைந்து ஈக்களுக்குப் புள்ளியும் இல்லை, பொடியும் இல்லை. ரப்பர் காலம், அப்படித்தான் இருக்கும். ஒரு மஞ்சள் ஈயை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றேன்.

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பையன் அடுத்த வாரம் வருவானாம். ஒப்பிட்டுப் பார்க்க, மயக்காமல் வெறுமனே பிடித்துப் புள்ளி வைத்த ஈ குறைந்தது நாற்பது வேண்டுமே என்று நான் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் எட்டிப் பார்த்துப் பேத்தியிடம் கேட்டார்: "மக்ளே, செவப்புக் கலர் நகப்பாலிசு இருக்கா?"